தண்ணி காட்டியாச்சா?

அன்புள்ள கண்ணு,

அப்பத்தாவைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். மாடு கன்றோடு அவர் இருந்த விதத்தைச் சொன்னாலே அவரை முக்கால்வாசி சொன்ன மாதிரிதான்.

விடிந்ததும் நேரே கட்டுத்தரைக்குத்தான் போவார். காங்கேயம் பசுவின் மூக்கு நுனியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் மாடு நலம். காய்ந்திருந்தால் காய்ச்சலோ என்று காதைத் தொடுவார். அசை போடுகிறதா என்று நின்று கவனிப்பார். கால்நடை மருத்துவர்களும் இவற்றையெல்லாம் பார்ப்பார்கள். கறக்கும்போது ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டுவிடுவார். பசு ஈன்ற அன்று, கன்றின் வயிறு நிறைந்த பிறகுதான் சீம்பால் வீட்டுக்குள் வரும். நோயை எதிர்க்கும் சக்தி கன்றுக்கு அந்தப் பாலில்தான் கிடைக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடித்தால்தான் அது உடம்பில் நன்றாகச் சேரும்.

முழங்கால் ஓய்ந்து திண்ணையோடு இருந்த வயதிலும், தட்டு முன்னால் வந்ததும், "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பார். ஆச்சு என்று பதில் வந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

இந்த அக்கறையைச் சட்டமும் கேட்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். வதைக்காதே என்பதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைப் பேணுவது கடமை என்றும் சொல்கிறது. அப்பத்தா ஒரு நாளும் தவறவிடாத கடமை அது.

நாய்க்குட்டி வளர்க்க ஆசை என்கிறாய். எனக்கும் சந்தோஷம்தான். எட்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதே. மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். வெங்காயம், சாக்லேட், திராட்சை மூன்றும் அதற்கு ஆகாது. பல் பட்டாலும் நகம் கீறினாலும் எங்களிடம் மறைக்காதே. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

குட்டியைக் கொஞ்ச எல்லாருக்கும் பிடிக்கும். பரீட்சை நாளானாலும் காய்ச்சல் நாளானாலும், அதன் கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் வைத்த பிறகே நீ சாப்பிட உட்கார வேண்டும். முடியாத நாளில் யாரிடமாவது சொல்லியாவது வைக்க வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் குட்டியைக் கூட்டி வா.

அன்புடன்,
அப்பா