ஊர்ப்பெயரைக் கடைசியில் எழுது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,



அக்கா நேற்று போனில் பேசினாள். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அது எந்த இடம் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் நடுராத்திரி தாண்டியும் உட்கார்ந்திருக்கிறாயாம். கொஞ்சம் கண்டித்து எழுதச் சொன்னாள். அதற்கு எனக்கு வாய் வராது. வேலையில் இருந்த காலமெல்லாம் லைட் டேபிளில் படத்தை விரித்துவைத்துக்கொண்டு, சம்பளம் வாங்கி அதே வேலையைச் செய்தவன் நான். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, அவ்வளவுதான். சொல்ல வேண்டியது நீ விளையாடும் விதத்தைப் பற்றி.

நீ எனக்கு அனுப்பிய விடைகளை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் வெறும் ஊர்ப்பெயர். ஏன் அந்த ஊர் என்று ஒரு வரி கிடையாது. நாசாவின் எர்த் அப்சர்வேட்டரி இணையதளம் பல ஆண்டுகளாக மாதம் ஒரு புதிர்ப்படம் போட்டுவந்திருக்கிறது. எந்த இடம் என்பதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. எப்போது எடுத்த படம், அதில் தெரிவது என்ன, அதில் என்ன விசேஷம் என்றும் கேட்பார்கள். பணப்பரிசு ஒன்றும் இல்லை. முதலில் சரியாகச் சொன்னவரின் பெயரோடு, நல்ல விளக்கம் எழுதியவரின் பெயரையும் போடுவார்கள். நீ முதல் கேள்வியோடு எழுந்து போய்விடுகிறாய். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை வேண்டுமென்றால் படத்தை இணையத் தேடலில் போட்டாலே போதும். மனிதனுக்கு அங்கே வேலை இல்லை.

போன மாதம் நீ கோட்டைவிட்ட படத்தையே எடுத்துக்கொள். நடுவில் பனி மூடிய சிகரம். அதைச் சுற்றி காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு கரும்பச்சை வட்டம். வெளியே முழுக்க வெளிர்பச்சை. வட்டத்தைக் கண்டதும் ‘விண்கல் விழுந்த பள்ளம், கனடா’ என்று எழுதிவிட்டாய். அது நியூசிலாந்தின் தரனாக்கி எரிமலை. அந்த வட்டத்தைப் போட்டது எரிமலைகூட இல்லை, அரசாங்கம். சிகரத்திலிருந்து 6 மைல் ஆரத்துக்குள் இருந்த காட்டை 1881-இல் காப்புக்காடாக ஒதுக்கினார்கள். 1900-இல் அது தேசியப் பூங்கா ஆனது. வெளியே இருந்த காடெல்லாம் மாட்டுப் பண்ணைகளின் புல்வெளியாகிவிட, காகிதத்தில் போட்ட எல்லை மட்டும் வானத்திலிருந்து தெரிகிறது. இன்னும் உற்றுப் பார்த்திருந்தால், வடமேற்குப் பக்கம் வட்டம் பிதுங்கி நிற்பதும் கண்ணில் பட்டிருக்கும். அங்கே இருக்கும் பழைய எரிமலைத் தொடர்களையும் பூங்காவில் சேர்த்ததால் வந்த பிதுக்கம் அது. விண்கல் பள்ளத்துக்கு அப்படி வால் முளைக்காது.

நீ மனதில் வைத்திருந்த கனடா வளையம் கியூபெக்கில் இருக்கும் மானிக்குவாகன். அது சுமார் 21 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய தடம். ஆனால் முழு வளையமாக நிற்பது தண்ணீர். 1960-களில் கட்டிய அணை, பிறைபோல் இருந்த இரண்டு ஏரிகளை ஒன்றாக்கிவிட்டது. மொரிட்டானியா பாலைவனத்தில் இருக்கும் ரிஷாட் வளையங்களையும் ஆரம்பத்தில் விண்கல் பள்ளம் என்றுதான் நினைத்தார்கள். சுமார் 40 கிலோமீட்டர் அகலமான அந்த வளையங்கள், மேல்நோக்கி உப்பிய பாறை அடுக்குகள் காலப்போக்கில் அரித்துப்போனதால் வெளிப்பட்டவை. அமெரிக்காவின் கான்சாஸில் காசு அடுக்கியதுபோல் தெரியும் பச்சை வட்டங்களோ வயல்கள். வயலின் நடுப்புள்ளியில் தண்ணீர் ஏறி, சக்கரம் வைத்த நீளக் குழாய் அதைச் சுற்றி உருண்டபடியே பாய்ச்சும். ஃபிராங்க் சைபக் என்ற விவசாயி 1952-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. பார்வைக்கு எல்லாமே வட்டம்தான். உண்டாக்கியது மட்டும் விண்கல், அரிப்பு, சட்டம், குழாய் என்று வேறு வேறு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் படம் படிக்கத் தெரியும் என்று அர்த்தம்.

பிரிப்பதற்கு முதலில் அளவைப் பிடி. கான்சாஸ் வட்டம் ஒன்று பெரும்பாலும் 800 மீட்டர் குறுக்களவு இருக்கும். ஒரு மைல் சதுரத்துக்குள் நான்கு அடங்கும். அந்தச் சதுரம் 1785-இல் போட்ட நில அளவைச் சட்டத்திலிருந்து வந்தது. அதே மாதிரி வட்டங்கள் கட்டம் எதுவும் இல்லாமல் மணலில் சிதறிக் கிடந்தால் சவுதியையோ லிபியாவையோ யோசி. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் 30 மீட்டர். எதைப் பார்த்தாலும் எத்தனை பிக்சல் அகலம் என்று எண்ணு. குளமா கடலா என்ற சந்தேகம் அங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது நிறம். கண்ணுக்குத் தெரியும் நிறத்தில்தான் படம் இருக்கிறது என்று நம்பிவிடாதே. அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டும் படத்தில் செடிகொடி எல்லாம் சிவப்பாகத் தெரியும், தெளிந்த தண்ணீர் கறுப்பாக இருக்கும். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பனியும் இல்லை. பொலிவியாவின் உயுனியில் அது உப்பு, ஸ்பெயினின் அல்மேரியாவில் காய்கறித் தோட்டத்தின் மேல் போட்ட பிளாஸ்டிக் கூரை.

பிறகு நிழல். லேண்ட்சாட் ஓர் இடத்தைக் கடப்பது அந்த ஊரில் காலை 10 மணி வாக்கில். வடக்கு மேலே வைத்த படத்தில் நிழல் இடது மேல்பக்கம் விழுந்தால் வட அரைக்கோளம், இடது கீழ்ப்பக்கம் விழுந்தால் தென் அரைக்கோளம். வெப்பமண்டலப் பகுதிகளில் இது மாதத்துக்கு மாதம் மாறும். இன்னொரு சங்கதி: வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். அதனால், வெளிச்சம் கீழ்ப்பக்கமிருந்து வரும் இமயமலைப் படத்தில் பள்ளத்தாக்கு முகடாகத் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார், நேராகிவிடும்.

இதெல்லாம் கைவர வேண்டுமென்றால் உலகம் முழுக்க அலையாதே. உங்கள் ஊர்க் கண்மாயிலிருந்து தொடங்கு. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 10 மீட்டர் பிக்சல். சிவகங்கைச் சீமையில் நிலம் தென்கிழக்காகக் கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் கண்மாய்க் கரை கிழக்கிலும் தெற்கிலும் வில்லாக வளைந்திருக்கும். தண்ணீர் வந்து சேரும் மேற்குப் பக்கத்தில் கரையே இருக்காது, ஓரம் கிழிந்தமாதிரி கிடக்கும். உபரிநீர் வழியும் கலுங்கிலிருந்து கிளம்பும் ஓடை அடுத்த கண்மாய்க்குப் போகும். தை மாதப் படத்தையும் வைகாசி மாதப் படத்தையும் அகச்சிவப்பில் பக்கத்தில் பக்கத்தில் வை. தையில் கறுப்பாக இருந்த நீர்ப்பரப்பு வைகாசியில் வற்றி, உள்ளே திட்டுத் திட்டாகச் சிவப்பு தெரியும். கோடையில் கண்மாய்க்குள் பயிரா என்று கேட்காதே. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார். பெரும்பாலும் சீமைக்கருவேலமாக இருக்கும். படத்தில் ஊகித்ததை நேரில் போய்ச் சரிபார்ப்பதை அலுவலகத்தில் ‘கிரவுண்ட் ட்ரூத்’ என்போம். அது செய்யாத படத்தில் கையெழுத்துப் போட மாட்டோம்.

கடைசியாக ஒன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இடம் கண்டுபிடிப்பதில் நீ கெட்டிக்காரன் என்று தெரிந்தால் கூட்டாளிகள் வேறு மாதிரியும் கேட்பார்கள். யாரோ ஒரு பெண் மொட்டைமாடியில் எடுத்துப் போட்ட படத்தைக் காட்டி, அவள் வீடு எந்தத் தெரு என்பார்கள். விளையாட்டுக்குக்கூட அதைச் செய்யாதே. மலையும் ஆறும் தங்கள் விலாசத்தை மறைப்பதில்லை. மனிதர்களுக்கு மறைக்கும் உரிமை உண்டு.

அடுத்த புதிருக்கு விடை எழுதும்போது அளவு, நிறம், நிழல், அந்த வடிவம் எதனால் வந்தது என்று நான்கு வரி எழுது. ஊர்ப்பெயரை ஐந்தாவது வரியில் போடு. பெயர் தப்பினாலும் பரவாயில்லை, மற்ற நான்கையும் எனக்கு அனுப்பு. நான் மார்க் போடுகிறேன்.

அக்காவையும் அத்தானையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா