இரண்டு ஃபைலும் ஒரே மேஜையில்

முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் எங்கள் பக்கத்தில் முதலில் வருவது, "ரத்தம் இல்ல, முருங்கைக்கீரை சாப்பிடு" என்பதுதான். அடுத்து வீசிங். அதற்கும் அடுத்து டி.பி. எனக்கு மூன்றும் சொல்லியாகிவிட்டது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டிலேயே கொலுசு வேலை பார்க்கிறவள் என்பதால், பற்றவைக்கிற புகைதான் காரணம் என்று நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. வேலையை நிறுத்திப் பார்த்தேன். இளைப்பு நிற்கவில்லை.

எனக்கு வந்திருப்பது லாம். முழுப்பெயர் லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ், மருந்துக் கடைக்காரரே இரண்டு தடவை கேட்பார். கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டும்தான் வரும், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில், பத்து லட்சம் பேரில் ஏதோ சிலருக்கு. டி.எஸ்.சி. மரபணுக்களில் ஏற்படும் மாற்றத்தால் தசை செல் மாதிரியான செல்கள் நுரையீரலில் பெருகுகின்றன. மெல்லிய சுவருள்ள காற்றுக் குமிழ்கள் அங்கங்கே உண்டாகின்றன. அதில் ஒன்று வெடித்தால் காற்று வெளியே கசிந்து நுரையீரல் சுருங்கிவிடும்.

எனக்கு அப்படித்தான் சுருங்கியது. விலாவுக்கு நடுவே டியூப் போட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் விட்டிருந்தார்கள். இருமச் சொல்வார்கள். இருமினால் உலை கொதிப்பதுபோல் குமிழி கிளம்பும். குமிழி வருகிறவரை ஓட்டை அடைபடவில்லை என்று அர்த்தம். பாட்டிலை இடுப்புக்கு மேலே தூக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இதைப் பக்கத்துக் கட்டில் அம்மாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

குமிழி நின்றது, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் சுருங்கியது என்று யாரும் தேடவில்லை. அடுத்த முறை சுருங்கியபோதுதான் நெஞ்சுக்கு ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத குமிழ்கள் அதில் வட்ட வட்டமாக இரண்டு பக்கமும் தெரிந்தன. நெஞ்சைத் துளைத்துச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்று ஓர் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். அதற்கு முன் இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று வேலூருக்குப் போனோம்.

அங்கிருந்த நுரையீரல் டாக்டர் படத்தைப் பார்த்ததும் கேட்டது நெஞ்சைப் பற்றி இல்லை. "வயித்துக்கு எப்பவாவது ஸ்கேன் எடுத்திருக்கீங்களாம்மா?" என் அண்ணி பையிலிருந்து பழைய ஃபைலை உருவினார். பல வருஷத்துக்கு முன் வயிற்று வலிக்கு எடுத்தது. சிறுநீரகத்தில் ஆஞ்சியோமயோலிபோமா, கொழுப்புக் கட்டிதான், பயம் வேண்டாம் என்று எழுதியிருந்தது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்ததை அண்ணி எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தார். டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சதை எடுக்க வேண்டாம். இதுவே போதும்."

நோயை உறுதி செய்யும் விதி அப்படித்தான் இருக்கிறது. ஹெச்.ஆர்.சி.டி.யில் குமிழ்கள் லாமுக்கு உரிய மாதிரியே இருந்து, கூடவே சிறுநீரகத்தில் அந்தக் கட்டியோ, நெஞ்சில் பால் போன்ற நிணநீர் சேர்வதோ, ரத்தத்தில் வி.இ.ஜி.எஃப்-டி என்ற புரதத்தின் அளவு மில்லிலிட்டருக்கு 800 பிகோகிராமைத் தொடுவதோ இருந்தால் லாம் என்று உறுதி செய்யலாம். முகத்தில் சிறு கட்டிகள், தோலில் வெள்ளைத் திட்டு, வலிப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றும் கேட்பார்கள். அது டியூபரஸ் ஸ்க்லெரோசிஸ் (டி.எஸ்.சி.) என்ற பரம்பரை நோயைத் தேடும் கேள்வி. சிறுநீரக டாக்டர் சிறுநீரகத்தைப் பார்க்கிறார், நெஞ்சு டாக்டர் நெஞ்சைப் பார்க்கிறார். இரண்டு ஃபைலும் ஒன்றாக இருக்கிற ஒரே இடம் நம் பைதான். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, ஸ்கேன் பதிந்த சி.டி.யையும் ஃபிலிமையும் கேட்டு வாங்குங்கள்.

லாமுக்கு மருந்து சிரோலிமஸ். 1964-ல் ஈஸ்டர் தீவில் அள்ளிய மண்ணிலிருந்த நுண்ணுயிரி தந்தது. அதைப் பிரித்தெடுத்த சுரேந்திரநாத் சேகல் நம் துணைக்கண்டத்துக்காரர். அவர் வேலை பார்த்த கம்பெனி அந்த ஆராய்ச்சியை நிறுத்தியபோது வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினாராம். அவரும் என் அண்ணி மாதிரி, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைக்கிறவர். 2011-ல் வெளியான ஆய்வில் 89 பெண்கள் கலந்துகொண்டார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கு மூச்சுத்திறன் ஏறக்குறைய அப்படியே நின்றது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு மாதாமாதம் குறைந்தது. நிறுத்தியதும் மறுபடி இறங்கியது. 2015-ல் அமெரிக்கா இதை லாமுக்கு அங்கீகரித்தது. குணமாக்காது, பிடித்து நிறுத்தும். நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக் கூடாது.

எனக்கு வாய்ப்புண்தான் பெரிய தொல்லை. தட்டுவடை செட்டைப் பார்த்தாலே எரிந்தது, தயிர்சாதத்தில் ஓட்டினேன். கொழுப்பும் ஏறும், ரத்தப் பரிசோதனை விடக் கூடாது. மருந்தின் அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்கும் அன்று, கொடுத்த பிறகே மாத்திரை போட வேண்டும். பம்பளிமாஸ் வேண்டாம். டி.பி. மருந்து, பூஞ்சை மருந்து, சில ஆன்டிபயாட்டிக் இதோடு மோதும். நாட்டு மருந்தாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டியே கேளுங்கள், புண் ஆற நாளாகும்.

மாதவிலக்கைச் சரிசெய்யத் தரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் நமக்கு ஆகாது. குழந்தை விஷயம் இன்னும் கடினம். கர்ப்பத்தில் நுரையீரல் சுருங்கும் வாய்ப்பு கூடும். சிரோலிமஸ் எடுக்கும்போதும், நிறுத்திய பின் 12 வாரமும் கர்ப்பம் கூடாது. எங்கள் வீட்டில் இதை மாமியாரிடம் டாக்டரே சொல்லட்டும் என்று அவரையும் கூட்டிப்போனோம். நான் சொல்லியிருந்தால் வேறு மாதிரி காதில் விழுந்திருக்கும்.

ஒரு பக்க நெஞ்சில் திடீரென்று குத்தி, மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். போனதும் முதல் வார்த்தையாக, "முன்னாடியே நுரையீரல் சுருங்கியிருக்கு, லாம் இருக்கு, எக்ஸ்ரே எடுங்க" என்று சொல்லுங்கள். இன்ஹேலரைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்தால், எக்ஸ்ரே எடுக்கும்வரை நகராதீர்கள்.