வீட்டுக் கணிப்பொறியும் தாய்மொழியும்



பெங்களூரில் எஸ்.பி. ரோட்டுக்குச் சென்று வந்தவர்கள் அறிவார்கள்; கணிப்பொறிக்கு வேண்டிய பொருள்கள் அங்கே கடைதோறும் குவிந்து கிடக்கின்றன. விசைப்பலகை, வருடி, ஒலிபெருக்கி என்று எதைக் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள். பொருளுக்குக் குறைவில்லை, எதை வாங்குவது, எதை விடுவது என்னும் தெளிவுக்குத்தான் குறைவு. நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: 'இது என் தமிழுக்குப் பயன்படுமா?' ஆங்கிலத்தில் நன்றாக இயங்கும் கருவி தமிழிலும் அவ்வாறே இயங்கும் என்று நம்பிவிடக் கூடாது. நாமே சோதித்து அறிதல் வேண்டும். எழுதுதல், படித்தல், கேட்டல் என்னும் மூன்று பணிகளையும் முறையே நோக்குவோம்.

முதலாவது, எழுதுதல். இதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகை முறை விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் கிடைக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இம்முறையின் சிறப்பு, நம் இலக்கணத்தை அறிந்து நடப்பதே. ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். 'ங'வுக்குப் பின் 'க' வந்தால், இன எழுத்து என்று உணர்ந்து 'ங்க' ஆக்கிவிடும். 'மமதை' போன்ற சொல்லில் புள்ளி வேண்டாமெனில், முதல் மகரத்தின் பின் அகரத்தைத் தட்ட வேண்டும். அவ்வளவே!

ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறைகளும் உண்டு. அவை தொடக்கத்தில் எளியவை என்பது உண்மையே. ஆயினும் நம் நிலையை எண்ணிப் பாருங்கள். இவ்வூரில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயின்ற தமிழ் நண்பர் பலர் தமிழை நன்றாகப் பேசுவர், எழுதவோ தயங்குவர். லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கைவிரல் அறிய வேண்டுமானால், அந்தந்த எழுத்துக்கு அந்தந்த விசை இருப்பதே நல்லது. நான் பார்த்த அளவில், நாள்தோறும் அரைமணி நேரம் பழகுவோர்க்கு ஓரிரு வாரத்தில் கை படிந்துவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. 'ஔவை' என்பதை 'ஒ', 'ள' என இரண்டு எழுத்தாகத் தட்டினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணிப்பொறிக்கோ அது வேறு சொல். பின்னர்த் தேடினால் கிடைக்காது. அதுபோலவே, பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் பிற கணிப்பொறிகளில் புரியாத குறிகளாகத் தோன்றும். ஆகவே எந்த மென்பொருளானாலும் ஒருங்குறியில் எழுதுகிறதா என்று முதலில் பாருங்கள். தமிழக அரசும் 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது, படித்தல். அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்து, அதிலுள்ள எழுத்துகளைத் திருத்தக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. நம் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலேயே தமிழுக்காக இவ்வாராய்ச்சி நடைபெற்றுள்ளது. 'டெசராக்ட்' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழும் அறியும். இதைச் சோதிக்க இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று அண்மையில் வந்த நூலிலிருந்து, மற்றொன்று 1978-க்கு முன் அச்சான நூலிலிருந்து. அவ்வாண்டில்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை முதலியவை வேறு வடிவில் அச்சாயின. புதிய வடிவங்களில் மட்டும் பயின்ற மென்பொருள் பழைய பக்கத்தில் தடுமாறும். எத்தனை பிழை என்று எண்ணிப் பார்த்த பிறகே வருடி வாங்குவதைப் பற்றி எண்ணுங்கள். சில பக்கங்களுக்குக் கைப்பேசியின் படக்கருவியே போதும். ஒளி சீராகவும் தாள் மடங்காமலும் இருந்தால் சரி.

மூன்றாவது, கேட்டல். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் 'என்விடிஏ' என்னும் மென்பொருளை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006-இல் தொடங்கினார். பார்வையற்ற மற்றொருவர் அவருடன் சேர்ந்து வளர்த்தார். அதையும் விலையின்றியே வழங்குகின்றனர். அதனுடன் வரும் 'ஈஸ்பீக்' தமிழும் பேசும். அதன் குரல் எந்திரத்தன்மை உடையதுதான், பொருள் விளங்கும். எந்தக் குரலையும் சோதிக்க மூன்று சொற்கள் போதும்: பக்கம், பகல், பங்கு. மூன்றிலும் எழுத்து ககரமே. ஒலியோ மூன்று விதம். இம்மூன்றையும் வேறுபடுத்தி ஒலிக்கும் குரல் நல்ல குரல். பிறகு ஓர் ஆண்டெண்ணையும் படிக்கச் சொல்லுங்கள். தமிழில் சொல்கிறதா, ஆங்கிலத்தில் சொல்கிறதா என்று கவனியுங்கள்.

இனி, கையில் உள்ள பணத்தை எதில் செலவிடுவது? வீட்டுக் கணிப்பொறி பழையதாய், சுழலும் வட்டுடன் மெதுவாக இயங்குமானால், அவ்வட்டுக்குப் பதிலாக 'எஸ்எஸ்டி' பொருத்துவதே முதற் செலவு. பழைய எந்திரம் விரைவு பெறுவதைக் கண்கூடாகக் காணலாம். அடுத்து, கோப்புகளைப் படி எடுத்து வைக்கத் தனி வட்டு ஒன்று. மற்றவை பொறுக்கலாம்.

இம்மூன்று பணிகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை நினைவில் வையுங்கள். ஒருவர் பிழையின்றித் தட்டிய பக்கத்தைத்தான் மற்றவர் தேடிக் காண முடியும்; பார்வையற்ற தோழர் கேட்டுப் பயில முடியும். படமாக மட்டும் சேமித்த பாடக்குறிப்பு அவருக்கு வெற்றுத் தாளே. நம் வகுப்பில் அத்தகைய தோழர் ஒருவர் இருந்தால், வாரம் ஒரு பாடத்தை அவருக்காகத் தமிழில் தட்டித் தருவோம். வீட்டுக் கணிப்பொறியால் ஆகும் பயன்களில் அதனினும் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.