குறைகடத்தியும் குவாண்டம் நுட்பமும்: அரசாங்கத்தின் இரு திட்டங்கள்

மைசூர் நகரின் தேவராஜ மொஹல்லாவில், சிக்க கடியாரம் எனப்படும் சிறு மணிக்கூண்டை அடுத்துள்ள மார்க்கெட்டில், மல்லிகைக்கும் வெற்றிலைக்கும் பெயர்பெற்ற கடைகளின் நடுவே மின்னணுத் தராசு இன்று சாதாரணக் காட்சியாகிவிட்டது. பழைய தட்டுத் தராசின் இயக்கத்தைச் சிறுவனும் கண்ணால் கண்டறிவான். புதிய தராசிலோ நிறையை எண்ணாக மாற்றுவது கரிய சில்லு ஒன்று. இத்தகைய சில்லுகளில் பெரும்பகுதியை இந்தியா பிற நாடுகளிலிருந்தே தருவித்து வருகிறது. 2021இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது, நம் நாட்டு மோட்டார் தொழிற்சாலைகளும் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

சில்லின் மூலப்பொருள் சிலிக்கன். அதன் அணுவின் வெளிச்சுற்றில் 4 எலெக்ட்ரான்கள் உள்ளன. தூய நிலையில் அது மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. பத்து இலட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற சிற்றளவில் பாஸ்பரஸைக் கலந்தாலும் உபரி எலெக்ட்ரான்கள் திரியத் தொடங்கும்; போரானைக் கலந்தால் காலியிடங்கள் உண்டாகும். இவ்விருவகைப் பகுதிகளையும் தக்கவாறு இணைத்தே டிரான்சிஸ்டரை அமைக்கின்றனர்.

இத்துறையில் இந்தியா மிகவும் பிந்தித் தொடங்கியது என்று கூறுவது முற்றும் சரியன்று. பஞ்சாபைச் சேர்ந்த மொஹாலியில் அரசாங்க ஆலை 1984இலேயே உற்பத்தியைத் தொடங்கிற்று. இன்று உலகில் முதன்மை வகிக்கும் தைவான் நிறுவனமாகிய டி.எஸ்.எம்.சி. தோன்றியதோ 1987இல்தான். 1989 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்து மொஹாலி ஆலையைப் பாழாக்கிற்று. நாடு முழுமைக்கும் அத்தகைய ஆலை அது ஒன்றே என்றிருந்தமையால் இழப்பு மேலும் பெரிதாயிற்று.

2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் வகுக்கப்பட்ட திட்டம் அவ்வழியைப் பின்பற்றவில்லை. பல நிறுவனங்கள் பல இடங்களில் ஆலை அமைக்கலாம். திட்டச் செலவில் பாதி வரை மத்திய அரசாங்கம் தாங்கும். குஜராத்தின் தொலேராவில் டாடா நிறுவனமும் தைவானின் பி.எஸ்.எம்.சி.யும் 91,000 கோடி ரூபாயில் அமைக்கும் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. மாதம் 50,000 சிலிக்கன் தகடுகளைப் பதப்படுத்துவது அதன் நோக்கம். அனுமதி பெற்றவற்றுள் பெரும்பாலானவை, தகட்டிலிருந்து வெட்டிய சில்லுகளுக்கு உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகளே. செலவும் நுட்பத் தேவையும் குறைவாதலின் அங்கிருந்து தொடங்குவது விவேகமே. ஆயினும் அதனோடு நின்றுவிட்டால் அயல்நாட்டுச் சார்பு நீங்காது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட கேன்ஸ் நிறுவனத்தின் துணை நிறுவனம் குஜராத்தின் சானந்தில் அமைக்கும் ஆலையும் இவ்வகையினதே. நாளொன்றுக்கு 60 இலட்சம் சில்லுகள் என்னும் இலக்கோடு அதற்கு 2024 செப்டம்பரில் அனுமதி வழங்கப்பட்டது.

இரண்டாவது திட்டம், 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் ஏற்கப்பட்ட தேசியக் குவாண்டம் திட்டம். 2030-31 வரை எட்டு ஆண்டுகள் நடைபெறும் இத்திட்டத்தில் கணிப்பொறி ஆய்வுக்குப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், செய்தித் தொடர்பு ஆய்வுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யும் தலைமை தாங்குகின்றன. 2,000 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒட்டுக்கேட்க இயலாதபடி இரகசியக் குறியை அனுப்புவது ஓர் இலக்காகும். ஒளித்துகளை இடையில் ஒருவர் அளந்தால் அதன் நிலை மாறிவிடும். அம்மாற்றமே ஒட்டுக்கேட்டவரைக் காட்டிக்கொடுக்கும்.

இதனை வகுப்பில் விளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒளியைத் துருவப்படுத்தும் தகட்டை மூன்றாக வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டைச் செங்குத்தாகக் குறுக்கிட்டு வைத்தால் ஒளி மறைந்துவிடும். மூன்றாவதை அவற்றின் இடையே 45 பாகை சாய்த்துச் செருகினால் ஒளி மீண்டும் தோன்றும்! தடையைக் கூட்ட ஒளியும் கூடுவது கண்டு மாணவர் வியப்பர். அலைக் கொள்கையைக் கொண்டும் இதனை விளக்கலாம் என்பதை ஆசிரியர் மறைக்கலாகாது. ஆனால் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் இதே விளைவு கிட்டுகிறது. இடையிலுள்ள தகடு துகளைச் சோதிக்கும்பொழுதே அதன் நிலையையும் மாற்றிவிடுகிறது.