குடி போனது, கோபம் போகவில்லை



குடியை விட்ட சாட்சியை நம் சபையில் பலர் சொல்லியிருக்கிறோம். நானும் சொன்னேன், நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அந்தச் சாட்சியில் நான் சொல்லாமல் விட்ட பாகத்தை இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

நான் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். வீடு திருவொற்றியூரில். குடியை விட்டு ஏழாவது மாதம் ஒரு நாள், எண்ணூர் ரோட்டு லாரி வரிசையில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்தேன். குழம்பு ஆறிப்போயிருந்தது. அவ்வளவுதான் விஷயம். தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். மனைவி வாயே திறக்கவில்லை. நான்தான் கத்தினேன்: "குடிக்கிறனா நான்? ஏழு மாசமா ஒரு சொட்டு தொட்டனா? இன்னும் இன்னாதான் வேணும் உங்களுக்கு?"

மூலையில் நின்ற என் பத்து வயது மகள் சொன்னாள்: "நீ குடிச்சப்பவே தேவலப்பா. அப்ப வாசனை வரும், நாங்க ஆயா வூட்டுக்குப் போயிடுவோம். இப்ப நீ எப்ப அடிப்பேன்னே தெரியல."

அன்றைக்கு எனக்குப் புரிந்தது. குடியை விட்டதையே ஒரு மெடலாகக் குத்திக்கொண்டு, அதைக் காட்டியே எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்தேன். குடிதான் என் கோபத்துக்குக் காரணம் என்று வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கோபத்தில் ஒரு பங்கு சரீரத்தினுடையது. டாக்டர் எனக்கு விளக்கியதை டிரைவர் பாஷையிலேயே சொல்கிறேன். சாராயம் மூளையில் பிரேக்கை மிதிக்கிற சரக்கு. வருஷக்கணக்கில் குடித்தால், அந்தப் பிரேக்குக்கு ஈடுகொடுக்க மூளை ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதித்துப் பழகிவிடும். திடீரென்று குடியை நிறுத்தினால் பிரேக் போய்விடும், ஆக்சிலேட்டர் மிதித்தபடியே இருக்கும். கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். எரிச்சலும் தூக்கக் கோளாறும் பல வாரம், சிலருக்குப் பல மாதம்கூட நீடிக்கும். ஆகவே புதிதாக விட்டவன் எரிந்து விழுந்தால், "இவன் மனந்திரும்பவேயில்லை" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடிக்கிறவர் வீட்டுக்குள்ளேயே தானாக நிறுத்துவது ஆபத்து. முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். ஜெபிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? ஜெபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். நம் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அடையாறு பக்கம், மதுவால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. அங்கே குடித்தவனுக்கு மட்டுமல்ல, அவன் குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. அடிபட்டது அவர்கள்தானே.

மற்ற பங்கு சரீரத்தினுடையது அல்ல. 1935-ல் அமெரிக்காவில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும், இருவருமே குடியில் விழுந்து எழுந்தவர்கள், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1939-ல் வந்த அவர்கள் புத்தகம் மனக்கசப்பைத்தான் குடிகாரனுடைய முதல் சத்துருவாக வைக்கிறது. யார்மேல் கசப்பு, எதனால், அது என்னில் எதைத் தொட்டது, அதில் என் தப்பு என்ன என்று எழுதிப் பார்க்கச் சொல்கிறது.

டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் நானும் கோடு போட்டு எழுதினேன். முதல் பேர், எப்போதோ என் பேட்டாவைப் பிடித்துக்கொண்ட ஒரு பழைய முதலாளி. இரண்டாவது என் அண்ணன். மூன்றாவது மனைவி. முதல் மூன்று கட்டமும் மளமளவென்று நிரம்பியது. என் தப்பு என்ற கட்டம் ஒரு வாரம் காலியாகவே கிடந்தது. பேட்டா பிடித்த அன்றைக்கு நான் குடித்துவிட்டு லோடை நாலு மணி நேரம் தாமதமாக இறக்கியதை எழுத எனக்கு ஏழு நாள் பிடித்தது! மனைவி பேருக்கு நேரே எழுத ஆரம்பித்தபோது பேப்பர் போதவில்லை.

இந்தச் சங்கத்துக்காரர்கள் நாலு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இதில் ஒன்று ஏறினாலும் பழைய தாகம் கிளம்பும். முதலில் கேட்டபோது, இது என்ன சின்னப்பிள்ளைப் பாடம் என்று நினைத்தேன். பிறகு எலியாவை நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே, சாவு வந்தால் போதும் என்று கிடந்தவனுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவும் விட்டான். நானோ ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் வந்து, குழம்பின்மேல் பழி போட்டவன்.

இப்போது வண்டியில் வேர்க்கடலையும் வாழைப்பழமும் வைத்திருக்கிறேன். கோபம் ஏறினால் வாய் திறக்காமல் வெளியே இறங்கி ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். "போயிட்டு அரை மணியில வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். சொல்லாமல் போனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது பழைய நாள்தான், கடைக்குப் போகிறான் என்றே நினைப்பார்கள்.

சகோதரிகளே, புருஷன் குடியை விட்டுவிட்டான் என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதவில்லை. கை ஓங்கினால் பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவன் சபையில் சாட்சி சொன்னவனாக இருந்தாலும் சரி.

என் மகள் இன்னும் முழுசாக என்னை நம்பிவிடவில்லை. நம்ப வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நான் வந்தால் வாசற்படியிலேயே நிறுத்தி, "இன்னிக்கு எப்டிப்பா?" என்று கேட்பாள். உண்மையைச் சொன்னால்தான் வழி விடுவாள். நேற்று, "பசிம்மா, தூக்கமும் இல்ல" என்றேன். உள்ளே திரும்பி, "அம்மா, மொதல்ல சோறு போடு, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.