கோடைச் சுழற்காற்றும் கிராமத்தார் கடமையும்

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் சித்திரை, வைகாசி மாதங்களில் கோடை உழவுக்கு உதவும் முதல் மழையை ஆவலுடன் எதிர்பார்ப்பது வழக்கம். ஆயினும், மழை தரும் அதே இடிமேகம் சில வேளைகளில் கடுங்காற்றையும் கல்மழையையும் கொணர்ந்து, தக்காளித் தோட்டத்தையும் பசுமைக்குடிலையும் நொடிப்பொழுதில் பாழாக்கிவிடுகிறது. அம்மேகம் எவ்வளவு கொடிய வடிவம் கொள்ளக்கூடும் என்பதை வங்காளத்தின் சரித்திரம் காட்டும்.

புயல் என்பது கடலில் உண்டாகிப் பல நாள் நகர்ந்து வருவது. அதன் வரவை முன்னதாகவே அறிந்துகொள்ளலாம். சுழற்காற்றோ இடிமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கைபோல் தரையில் இறங்கிச் சில நிமிஷங்களில் மறைவது. வெயில் வேளையில் களத்தில் எழும் புழுதிச் சுழல் இதனின் வேறு. அது மேகமின்றி நிலத்தின் சூட்டால் எழுவது.

1838 ஏப்ரல் 8 அன்று கல்கத்தாவுக்குக் கிழக்கே அடித்த சுழற்காற்றில் 215 பேர் மாண்டனர். 1888 ஏப்ரல் 7 அன்று டாக்கா நகரில் நவாபின் மாளிகையும் சேதமுற்றது. 1989 ஏப்ரல் 26 அன்று, வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் ஜில்லாவில் தௌலத்பூர், சாட்டூரியா ஆகிய ஊர்கள் அழிந்தன. சுமார் 1,300 பேர் இறந்தனர். அதற்கு முன் பல மாதங்கள் அங்கே மழையின்றி வறட்சி நிலவியது என்பது கவனிக்கத்தக்கது. 2024 மார்ச் 31 அன்று, மேற்கு வங்கத்தின் மைனாகுரிப் பக்கத்திலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது.

இதன் காரணம் யாதெனில், வங்காள விரிகுடாவின் ஈரக்காற்றின் மேல் மேற்கிலிருந்து வரும் உலர்ந்த சூடான காற்று கவிவதேயாகும். அவ்விரண்டும் சேருமிடத்தில் மேகம் பெருவேகத்துடன் மேலெழுகிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுபடுவதால் அது சுழலவும் தொடங்குகிறது. நெருக்கமான குடியிருப்பும், பறந்து வந்து வெட்டும் தகரக் கூரைகளும் சாவை மிகுவித்தன.

தளிப் பகுதியில் அத்தகைய பெருஞ்சுழலை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கோடைக்காற்றுக்கும் தற்காப்பு அதுவே. பங்குனி முடியுமுன் கூரைத் தகடுகளைக் கொக்கியிட்டு இறுக்குக. அவற்றின்மேல் கல்லைப் பாரமாக வைத்தல் ஆபத்து. பசுமைக்குடிலின் பக்கத் திரைகளை மூடிக் கட்டுக. மேகம் கறுத்துக் குளிர்காற்று வீசியதும் ஆட்களையும் மாடுகளையும் புளியமரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் நிற்கவிடாது, உறுதியான கட்டடத்துள் சேர்ப்பிக்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் சேதக் கணக்கோடு, காற்று அடித்த நேரம், வந்த திசை, சேதப் பாதையின் அகலம் ஆகியவற்றையும் குறித்துவைத்தல் நலம். மரங்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பின் அது நேர்க்காற்று. பல திசைகளில் முறுக்குண்டு கிடப்பின் சுழற்காற்றென ஐயுறலாம். வங்காளத்தின் சரித்திரம் இன்று நமக்குப் பயன்படுவது, அன்று அங்கே ஒருவர் எழுதிவைத்ததால் அன்றோ?