லயத்துச் சண்டை பொலிசுக்குப் போனால்

தண்ணீர்க் குழாய், காய்கறித் தோட்டத்து எல்லை, குடி. அட்டன் பக்கமானாலும் மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கமானாலும் லயத்துச் சண்டைகள் பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குகின்றன. தோட்டத் தலைவர் பேசித் தீர்த்துவைத்தால் நல்லதுதான். ஆனால் காயம் பட்டுவிட்டாலோ மிரட்டல் தொடர்ந்தாலோ தலைவருக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பொலிசுக்குப் போய் என்ட்ரி (முறைப்பாடு) போடுங்கள். சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தால் 119க்கு அழையுங்கள்.

நியாயம் கேட்கப்போகிறோம் என்று ஆள் சேர்த்துக்கொண்டு எதிராளி வாசலுக்குப் போகாதீர்கள். அடிக்கவோ மிரட்டவோ ஐந்து பேர் ஒன்றுகூடினாலே தண்டனைச் சட்டக் கோவையின் 138ஆம் பிரிவில் அது சட்டவிரோதக் கூட்டம். ஒருவர் கல்லெறிந்தாலும் கூடப்போன எல்லோரும் பதில் சொல்ல வேண்டிவரும். அடிபட்டவரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டோ பயந்தோ "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால், அந்த வார்த்தையே பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும்.

அடுத்தது பொலிஸ் நிலையம். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, "இதில் கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டுவார்கள். அவசரப்படாதீர்கள். 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, முறைப்பாட்டை நீங்கள் சொல்லும் மொழியிலேயே எழுத வேண்டும். அதிகாரிக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், உங்களையே எழுதித்தரச் சொல்ல வேண்டும். ஆகவே மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்: "ஐயா, தமிழ்ல எழுதுங்க. இல்லாட்டி ஒரு பேப்பர் தாங்க, நானே எழுதித் தாறேன்." எழுதத் தெரியாதவருக்கு அதிகாரி சிங்களத்தில் எழுதினாலும், அதை வாசித்துக் காட்டி விளக்கிய பிறகுதான் கையெழுத்து, கைநாட்டு எல்லாம்.

வாசிக்கும்போது டிவிசன், லய இலக்கம், நேரம், பார்த்த சாட்சிகளின் பெயர் எல்லாம் சரியா என்று பாருங்கள். ஒரே தோட்டத்தில் நாலு பேருக்கு ஒரே பெயர் இருக்கும். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கவ்வாத்துக் கத்தியை ஓங்கினார், ஆனால் வெட்டவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். கூட்டிச் சொல்லும் ஒரு வரி முழு முறைப்பாட்டையும் கெடுத்துவிடும். வரும்போது முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்காமல் வராதீர்கள்.

ஏற்க மறுத்தால் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள். அங்கும் நடக்காவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு 1960, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

எல்லைத் தகராறு கைகலப்பாகும்போல் இருந்தால் பொலிஸ் அதை ஆரம்ப நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே யார் சொந்தக்காரர் என்று பார்ப்பதில்லை, யார் பாவனையில் இருந்தது என்றுதான் பார்க்கிறார்கள். உங்களை வெளியேற்றியிருந்தால், இரண்டு மாதத்துக்குள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும்.

சிறு அடிதடி, ஏச்சு, மிரட்டல் போன்றவை மத்தியஸ்த சபைக்கு வரும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களே பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வழக்கு மேலே போக அது தேவை.

சிங்களம் வாசிக்கத் தெரிந்த தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று: உங்கள் லயத்திலிருந்து ஒரு அக்கா தனியாகப் பொலிசுக்குக் கிளம்பினால், அன்றைக்கு நீங்களும் கூடப் போங்கள்.